மருத்துவமனைகளை இரவில் வந்து ஆய்வு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்
நோயாளிகளும், அவர்களுடன் வார்டில் தங்கிய உறவினர்களுமாகிய பொதுமக்கள்
(பெயர், முகவரி, கையொப்பம் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளது)

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்குநரகம்,
சென்னை.

பொருள்: அரசு மற்றும் தனியார் மருத்துவமனைகளில் நோயாளி உரிமைகளும் கட்டடப் பாதுகாப்பு விதிகளும் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என முன்னறிவிப்பின்றி இரவு நேரத்தில் ஆய்வு செய்யவும், அறிக்கையை மருத்துவமனை வாசலில் வைக்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். மருத்துவமனைகளைத் தங்கள் துறையின் அலுவலர்கள் பகலில் வந்து ஆய்வு செய்கிறார்கள். இரவிலும் வந்து பார்க்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. ஏன் இரவு என்று சொல்ல வேண்டியிருப்பதால் மனு சற்று நீண்டுவிட்டது. பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டுகிறோம்.

2024 டிசம்பர் 12 அன்று இரவு திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்தது. ஒரு குழந்தை உட்பட 6 பேர் இறந்தார்கள். லிஃப்டுக்குள் சிக்கி, புகையில் மூச்சுத் திணறியவர்கள் அவர்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு, நவம்பர் 15 இரவு, ஜான்சி அரசு மருத்துவக் கல்லூரியின் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் தீ. 10 குழந்தைகள் அன்றிரவே இறந்தன. அதே ஆண்டு மே 25, நள்ளிரவை நெருங்கும் நேரம், டெல்லியில் ஒரு குழந்தைகள் மருத்துவமனை எரிந்தது. அதன் உரிமக் காலம் முடிந்திருந்தது, அனுமதிக்கப்பட்ட 5 படுக்கைகளுக்கு மேல் குழந்தைகளை வைத்திருந்தார்கள் என்று காவல்துறை பிறகு சொன்னது. 2021 ஜனவரி 9, மகாராஷ்டிரத்தின் பண்டாரா மாவட்ட மருத்துவமனை, நள்ளிரவு தாண்டிய வேளை, 10 பச்சிளம் குழந்தைகள். 2011 டிசம்பர் 9, கொல்கத்தா, விடிவதற்கு முன். வாகனம் நிறுத்த அனுமதி பெற்ற அடித்தளத்தில் எரியும் பொருள்களை அடுக்கி வைத்திருந்தார்கள். ஏறத்தாழ 90 பேர் இறந்த அந்த விபத்தில் தீக்காயத்தைவிடப் புகையால் இறந்தவர்களே மிகுதி.

இவை வேறு வேறு மாநிலங்கள். சில அரசு மருத்துவமனைகள், சில தனியார். எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது கடிகாரம்தான். பகலில் தீப்பிடிப்பதே இல்லையா என்றால், பிடிக்கிறது. ஆனால் பகலில் மாடிக்கு நாலு பேர் நடமாடுகிறார்கள், யாராவது ஒருவர் வாடையை முகர்ந்து குரல் கொடுத்துவிடுகிறார். இரவில் ஒரு மாடிக்கு ஒரு நர்ஸ், சில இடங்களில் இரண்டு மாடிக்கு ஒருவர். எலக்ட்ரீஷியன் வீட்டுக்குப் போயிருப்பார். டூட்டி டாக்டர் கீழே அவசர சிகிச்சைப் பிரிவில் இருப்பார். ஐ.சி.யு.வில் மட்டும் ஏசியும் வென்டிலேட்டரும் குழந்தைகளுக்கான வார்மரும் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஆக்சிஜன் மிகுந்த அறையில் ஒரு சிறு பொறி எவ்வளவு வேகமாகப் பரவும் என்பது தங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

எங்களில் பலர் வார்டுகளில் இரவு தங்கியவர்கள். திரும்பத் திரும்பக் கண்ட ஒன்றைச் சொல்கிறோம். பகலில் திறந்திருக்கும் அவசரப் படிக்கட்டின் கதவு இரவு எட்டு, ஒன்பது மணிக்கெல்லாம் பூட்டப்படுகிறது. கேட்டால் திருட்டுப் பயம் என்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். செல்போன் திருடு போகாத வார்டு ஏது? ஆனால் சாவி கீழே வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் வாசலில் வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டு. நர்ஸிடம் சாவி எங்கே என்று கேட்டால் அவருக்கே தெரியவில்லை. திறந்திருக்கும் படிக்கட்டிலோ உடைந்த கட்டில், பழைய மெத்தை, காலி அட்டைப்பெட்டி. தீயணைப்புக் கருவி மருந்து டிராலிக்குப் பின்னால் மாட்டியிருக்கும். புகை அலாரம் அடிக்கடி கத்துகிறது என்று அதை அணைத்தே வைத்திருக்கிறார்கள்.

பகலில் வரும் ஆய்வாளருக்கு இதெல்லாம் கண்ணில் படாது. ஆய்வு வருவதை வார்டில் படுத்திருப்பவர்களே ஃபினாயில் வாடையை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். அன்று காலை கட்டில்கள் காணாமல் போகும், கதவு விரியத் திறந்திருக்கும், சான்றிதழ்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் பளபளக்கும். ஆய்வாளர் பார்ப்பது உண்மைதான், ஆனால் அந்த ஒரு நாளின் உண்மை.

மருத்துவமனை மற்ற கட்டடங்களைப் போன்றதல்ல. தீ என்றதும் எழுந்து ஓடக்கூடியவர்கள் அங்கே குறைவு. அதனால்தான் தேசியக் கட்டடக் கோவை 2016 மருத்துவமனைகளைத் தனிப் பிரிவில் வைக்கிறது. நோயாளியைக் கட்டிலோடு அதே தளத்தில், தீயும் புகையும் எட்டாத அடுத்த பகுதிக்குத் தள்ளிக்கொண்டு போவதுதான் மருத்துவமனைகளில் முதலில் செய்ய வேண்டியது. அப்புறம்தான் படிக்கட்டு. இதற்கு வேண்டியவை மூன்று: புகையைத் தடுக்கும் கதவுகள், கட்டில் நுழையும் அகலம், அதைச் செய்து பழகிய ஆட்கள். முதல் இரண்டும் வரைபடத்திலேயே தெரிந்துவிடும். மூன்றாவதை இரவுப் பணியில் இருப்பவரிடம் கேட்டால்தான் தெரியும். ஆக்சிஜன் வால்வை எங்கே அடைப்பது, வென்டிலேட்டரில் இருப்பவரைக் கையால் மூச்சுக் கொடுத்தபடி யார் தள்ளுவது, லிஃப்டில் ஏறாதீர்கள் என்று உறவினர்களிடம் யார் சொல்வது? திண்டுக்கல்லுக்குப் பிறகு இந்தக் கடைசிக் கேள்வியை நாங்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சரி, நோயாளி உரிமைக்கும் இரவுக்கும் என்ன தொடர்பு? நிறைய இருக்கிறது.

அவசர நோயாளியை எந்த மருத்துவரும், அரசோ தனியாரோ, சட்ட நடைமுறையைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. அப்படித் திருப்பி அனுப்புவது பகலில் அரிது, நாலு பேர் பார்ப்பார்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு "டாக்டர் இல்லை, பெட் இல்லை, வேறு இடம் பாருங்கள்" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினால் அதற்குச் சாட்சியும் இல்லை, சீட்டும் இல்லை. குறைந்தபட்சம், வந்தவரை யார் பார்த்தார், என்ன முதலுதவி செய்தார், ஏன் வேறு இடம் அனுப்புகிறார் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும்.

ஒப்புதல் படிவங்களும் பெரும்பாலும் இரவில்தான் கையெழுத்தாகின்றன. ஆங்கிலத்தில் நாலைந்து பக்கம், "இங்கே, இங்கே, இங்கே" என்று பேனாவால் காட்டுவார்கள். ஒரு சோதனைக்குத் தந்த ஒப்புதலைச் சிகிச்சைக்கான ஒப்புதலாக எடுத்துக்கொள்ள முடியாது, ஆபத்துகளையும் மாற்று வழிகளையும் நோயாளிக்குப் புரியும்படி சொல்லியிருக்க வேண்டும் என்பது 2008-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. உயிர் போகிற அவசரத்தில் விதிவிலக்கு உண்டு, அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் மறுநாள் காலை செய்யப்போகும் அறுவை சிகிச்சைக்கு நள்ளிரவில், நோயாளி தூங்கும்போது, பக்கத்தில் இருக்கும் தம்பியிடம் கையெழுத்து வாங்குவதில் என்ன அவசரம் என்றுதான் கேட்கிறோம்.

மருந்து விஷயமும் அப்படியே. விரும்பிய கடையில் மருந்து வாங்கவும், விரும்பிய இடத்தில் சோதனை செய்துகொள்ளவும் நோயாளிக்கு உரிமை உண்டு என்று தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-ல் வெளியிட்ட நோயாளி உரிமைச் சாசனம் சொல்கிறது. அதில் 17 உரிமைகள் இருக்கின்றன. கட்டண விவரம் முன்கூட்டியே தெரிவது, வேறு மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்பது, ஆண் மருத்துவர் பெண் நோயாளியைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருப்பது, பில் தகராறுக்காக நோயாளியையோ உடலையோ பிடித்து வைக்காதது எல்லாம் அதில் அடக்கம். இந்த உரிமைகளை எழுதிய பலகை பல மருத்துவமனைகளில் மாட்டப்பட்டிருக்கிறது. வரவேற்பறையில், பூந்தொட்டிக்குப் பின்னால். உறவினர் காத்துக் கிடப்பதோ வார்டு வாசலிலும் பில் கவுண்டரிலும்.

சிகிச்சை ஆவணங்கள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, விதி அவ்வளவு தெளிவாக இருக்கிறது. கேட்ட 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகள். கேஸ் ஷீட்டைக் கேட்டாலே வழக்குப் போடப் போகிறார் என்று பார்க்கும் வழக்கம் ஒழிந்தால் போதும். மருத்துவக் கழிவுக்கும் 2016 விதிகள் உள்ளன: மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் எனத் தரம்பிரித்து, சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் தேக்கி வைக்காமல் அனுப்ப வேண்டும். மூட்டைகள் எந்த லிஃப்டில், எந்த நேரத்தில் இறங்குகின்றன என்பதையும் இரவு ஆய்வில் பார்த்துவிடலாம்.

ஆக, விதிகளுக்குப் பஞ்சமில்லை. தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-ல் வந்தது, அதன் விதிகள் 2018-ல் வந்தன. பதிவு செய்வதும் ஆய்வு செய்வதும் மாவட்ட அளவில் நலப் பணிகள் இணை இயக்குநரின் பொறுப்பு. அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளும் வட்ட மருத்துவமனைகளும் தங்கள் இயக்குநரகத்தின் கீழேயே இயங்குகின்றன. அதனால்தான் இந்த மனுவை ஒரே இடத்துக்கு, தங்களுக்கு எழுதுகிறோம். புதுச் சட்டம் எதையும் கேட்கவில்லை.

நாங்கள் கேட்பது இது. 50 படுக்கைக்கு மேல் உள்ள எல்லா மருத்துவமனைகளிலும், ஐ.சி.யு. அல்லது பச்சிளம் குழந்தைகள் பிரிவு உள்ள எந்தச் சிறிய மருத்துவமனையிலும், ஆண்டுக்கு ஒரு முறையாவது இரவு பத்து மணிக்கும் காலை ஐந்து மணிக்கும் இடையே, சொல்லாமல் ஆய்வு நடக்க வேண்டும். இணை இயக்குநர் அலுவலகத்தோடு தீயணைப்புத் துறையினரும் மின் ஆய்வாளரும் சேர்ந்து வந்தால் நல்லது; இல்லையென்றால் ஒருவர் மற்றவர் வேலை என்று விட்டுவிடுவார். கொரோனா காலத்தில், 2020 டிசம்பரில், கொரோனா மருத்துவமனைகளை மாதம் ஒரு முறை தீப் பாதுகாப்புத் தணிக்கை செய்ய மாவட்டந்தோறும் குழு அமைக்குமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மாதம் ஒரு முறை முடிந்தபோது ஆண்டுக்கு ஒரு முறை முடியாது என்று சொல்லமாட்டீர்கள் என்று நம்புகிறோம்.

ஆய்வில் கோப்பைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் பணியில் இருக்கும் நர்ஸிடம் அவசரக் கதவைத் திறக்கச் சொல்லிக் கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு காலிக் கட்டிலைப் படிக்கட்டு வரை தள்ளிப் பாருங்கள். அலாரத்தை அழுத்திப் பாருங்கள். பிறகு வார்டில் விழித்திருக்கும் உறவினர் இருவரிடம், மருத்துவமனை ஊழியர் இல்லாமல், ஐந்து நிமிடம் பேசுங்கள்.

அறிக்கை எங்கள் கண்ணில் பட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு வாங்கிக்கொள்ளலாமே என்பீர்கள். நெஞ்சுவலியோடு வருபவர் மனுப் போட்டுவிட்டா உள்ளே நுழைவார்? ஆய்வு நடந்த நாள், கண்ட குறைகள், சரிசெய்யக் கெடு ஆகியவற்றை ஒரே தாளில் தமிழில் எழுதி வாசலில் ஒட்ட உத்தரவிட வேண்டும். அதோடு அன்றைய இரவுப் பொறுப்பாளரின் பெயரும், தங்கள் துறையில் புகார் சொல்ல ஒரு எண்ணும் வார்டு வாசலில் எழுதப்பட வேண்டும். அந்த எண்ணை இரவிலும் யாராவது எடுக்க வேண்டும்.

மருத்துவமனைகளை இழுத்து மூடுங்கள் என்பது எங்கள் நோக்கமல்ல. சிறிய மருத்துவமனை ஒன்று மூடப்பட்டால் அதன் நோயாளிகள் இன்னும் நெரிசலான இன்னொரு வார்டில் தரையில் படுப்பார்கள். மின் இணைப்பை மாற்ற, புகைத் தடுப்புக் கதவு போடப் பணமும் நேரமும் வேண்டும், கெடு கொடுங்கள். ஆனால் பூட்டிய அவசரக் கதவுக்கும், அடைத்த படிக்கட்டுக்கும், அடித்தளத்தில் அடுக்கிய எரியும் பொருள்களுக்கும் கெடு தேவையில்லை. ஆய்வாளர் கிளம்பும் முன்பே சரிசெய்துவிடலாம். இரவுப் பணியில் இருக்கும் நர்ஸுகள் மீதும் எங்களுக்குக் குறையில்லை. இரண்டு மாடியை ஒருவர் பார்த்துக்கொள்ளும்படி விட்டது அவர்கள் அல்ல. எத்தனை நோயாளிக்கு எத்தனை பேர் பணியில் இருந்தார்கள் என்பதும் அந்த ஒரு பக்க அறிக்கையில் இருக்கட்டும். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிராக 2008 முதல் மாநிலச் சட்டம் இருப்பதையும் அறிவோம், அதை ஆதரிக்கிறோம்.

இந்தக் கோரிக்கையின் மீது எடுக்கும் நடவடிக்கையை எங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறோம். இரவு ஆய்வுக்கு ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் தங்களிடம் இல்லாமல் அரசுச் செயலரிடம் இருந்தால், இம்மனுவைத் தங்கள் பரிந்துரையுடன் அவருக்கு அனுப்பி, அந்தக் கடிதத்தின் நகலை எங்களுக்குத் தர வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கையொப்பமிட்டோர்

இணைப்பு: கையொப்பப் பட்டியல்

நகல்: அரசு முதன்மைச் செயலர், மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை, இயக்குநர், தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை