பிசிறு வெட்டும் கைகளுக்காக திருப்பூர் முதலாளிகளுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு,

வணக்கம். பதினோரு வருடமாகச் செக்கிங்கில், அதாவது தைத்து வந்த துணியில் குறை பார்க்கும் வேலையில் இருக்கிறேன். உற்பத்தி எப்படி ஓடுகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒரு கோரிக்கை: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எங்கள் வேலையை மாற்றிக் கொடுங்கள்.

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில், பக்கத்து டேபிள் அக்கா தன் டிபன் பாக்ஸை என்னிடம் நீட்டி, "கொஞ்சம் திறந்து குடு கண்ணு" என்றார். ஆறு வருடமாகப் பிசிறு வெட்டுகிறவர், அதாவது தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்திரியால் வெட்டுகிறவர். வலது கட்டைவிரலை மடக்கினால் நிமிர மாட்டேன் என்கிறது. இடது கையால் பிடித்து இழுத்தால் டக்கென்று தெறிக்கிறது, அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. டிரிக்கர் ஃபிங்கர் என்று டாக்டர் சொன்னாராம். விரலை மடக்கும் தசைநாரும் அது ஓடும் உறையும் தடித்துப்போய், நடுவில் சிக்கிக்கொள்கிறது. கைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லியிருக்கிறார். எங்கள் சூப்பர்வைசரிடம் அதைச் சொன்னதற்கு, "முடியலைன்னா வீட்டுல இருங்க" என்று பதில் வந்தது.

ஒரு டீ-ஷர்ட்டில் கழுத்து, தோள், கை, அடிமடிப்பு என்று குறைந்தது எட்டு இடத்தில் பிசிறு இருக்கும். ஐநூறு பீஸ் பார்த்தால் நாலாயிரம் தடவை கத்திரியை அழுத்த வேண்டும். அதே விரல், அதே அழுத்து, குனிந்த அதே கழுத்து. கடினமான வேலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். விடாமல் அதையே செய்வதுதான் கையைக் கெடுக்கிறது.

அளவுக்கு மீறிய பாரம் தூக்க வைக்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 34ஆம் பிரிவில் சொன்னது. நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்று 44ஆம் பிரிவில் சொன்னது. எங்கள் கையில் இருப்பது பாரம் இல்லை, ஒரு சின்னக் கத்திரி. அதனால் எங்கள் வலி யார் கண்ணிலும் படுவதில்லை.

வேலையை மாற்றிக் கொடுப்பதில் உங்களுக்கு என்ன கஷ்டம் என்று யோசித்துப் பார்த்தேன். டெய்லரை மாற்ற முடியாது, சரி. ஓவர்லாக் மெஷின் அடிக்கிறவர் பேட்லாக் மெஷினில் உட்கார்ந்தால் தையல் கெடும். ஆனால் செக்கிங், பிசிறு, கைமடி, டேக் போடுவது, மடித்து அடுக்குவது எல்லாம் எங்கள் கம்பெனியில் ஷிப்ட் சம்பளம்தான், பீஸை எண்ணிக் கூலி தரும் பீஸ் ரேட் இல்லை. ஆள் குறைந்த நாளில் எங்களையே எல்லா டேபிளுக்கும் அனுப்புகிறீர்கள். எல்லா வேலையும் எங்களுக்குத் தெரியும். மாற்றும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். பிசிறிலிருந்து டேக் போட அனுப்பினால் அதே கட்டைவிரல்தான் உழைக்கும். எழுந்து நின்று மடித்து அடுக்கும் வேலைக்கு அனுப்பினால்தான் விரலும் கழுத்தும் இளைப்பாறும். நாளெல்லாம் நின்று கால் வீங்குகிறவர்களும் அந்த நேரத்தில் உட்காரலாம்.

2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா சட்டசபையில் நிறைவேறியபோது ஊரே கொதித்தது, அப்புறம் திரும்பப் பெற்றார்கள். ஒன்றரை ஷிப்ட் என்ற பெயரில் நாங்கள் அதற்கு முன்பும் பன்னிரண்டு மணி நேரம் பார்த்தோம், இப்போதும் பார்க்கிறோம். துணி வாங்கும் பையர் கம்பெனியைச் சோதிக்க ஆடிட் வரும் நாளில் நாற்காலியும் மாஸ்க்கும் வருகின்றன, மறுநாள் ஸ்டோருக்குப் போய்விடுகின்றன. கப்பல் ஏறும் துணியில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தால் ரிஜெக்ட் செய்கிறீர்கள். அந்த நூலை வெட்டிய விரல் நீட்ட வராமல் போனால் கேட்க ஆள் இல்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். மறுபடியும் பணிவாகவே கேட்கிறேன். ஒரே ஒரு லைனில், ஒரு மாதம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வேலையை மாற்றிப் பாருங்கள். பீஸ் கணக்கு உங்கள் நோட்டில் இருக்கும், குறைகிறதா என்று நீங்களே பாருங்கள். முதல் ஆளாக அந்த அக்காவை மடிக்கும் டேபிளுக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
செக்கிங் பிரிவுத் தொழிலாளி ஒருத்தி