மரத்து மேலே ஓர் இடம்

அன்பு மகள் தாமரைக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. வாடிப்பட்டிப் பக்கம் இந்த வாரம் நல்ல மழை.

பேரனுக்கு மரவீடு கட்டப்போவதாகப் போனில் சொன்னாய். அதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். எந்த போல்ட், எவ்வளவு உயரம் என்று நீ கேட்டதையெல்லாம் வாயால் சொன்னால் பாதி மறந்துபோகும். மாப்பிள்ளையும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் மரம். கொல்லையில் நிற்பது மேப்பிள் என்றாய். எந்த மேப்பிள் என்று தெரிந்துகொள் தாயி. சுகர் மேப்பிள் என்றால் கெட்டி. சில்வர் மேப்பிள் என்றால் கிளை சுலபமாக முறியும், அதை நம்பிப் பிள்ளையை ஏற்றக் கூடாது. அடித்தண்டில் பொந்து இருக்கிறதா, வேர்ப் பக்கம் காளான் முளைக்கிறதா, உச்சியில் காய்ந்த கிளை தெரிகிறதா என்று பார். காளான் முளைத்தால் உள்ளே உளுத்துக்கொண்டிருக்கலாம். பிடித்தாலும் புளியங்கொம்பாகப் பிடிக்க வேண்டும் என்பார்கள். உனக்கு நான் பரண் போட்டது நிஜமாகவே புளியமரத்தில்தான். பேய் பிசாசு என்று உன் அப்பத்தா எவ்வளவோ தடுத்தும் நான் கேட்கவில்லை. வைரம் பாய்ந்த மரம், எத்தனை ஆடிக்காற்று வந்தும் ஒரு கிளை இறங்கவில்லை.

கயிறோ கம்பியோ போட்டு உத்தரத்தை மரத்தோடு இறுக்கிக் கட்டாதே. இதை மாப்பிள்ளைக்குக் கட்டாயம் சொல். இலை செய்கிற சாப்பாடு பட்டைக்கு உள்பக்கமாகத்தான் வேருக்கு இறங்குகிறது. மரம் பருக்கப் பருக்க அந்தக் கட்டு கழுத்தை நெரித்து, சில வருஷத்தில் மரமே போய்விடும். சிறுமலை அடிவாரத்தில் கடலைக்கும் சோளத்துக்கும் காவல் பரண் போடுகிறவர்கள் கயிற்றால்தானே கட்டுகிறார்கள் என்று நீ கேட்கலாம். அது தேங்காய் நார்க் கயிறு. ஒரு வெள்ளாமைக்குத்தான் அந்தப் பரண், அறுப்பு முடிந்தால் பிரித்துவிடுவார்கள். பன்றியை விரட்டத் தகர டப்பாவும் டார்ச்சும் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்காரும் இடம். பத்து வருஷம் நிற்க வேண்டியதற்கு அந்த முறை ஆகாது.

போல்ட்தான் சரி. மரத்தில் ஓட்டை போடுவது பாவம் என்று உனக்குத் தோன்றும். ஆனால் சின்னச் சின்ன ஆணிகளை நெருக்கமாக அடிப்பதைவிட, தடித்த போல்ட் ஒன்றைப் போடுவது மரத்துக்கு நல்லது. காயத்தைச் சுற்றி மரம் தானே ஒரு வேலி போட்டு அடைத்துக்கொள்ளும். நெருக்கமான காயங்கள் என்றால் நடுவில் இருக்கும் மரம் செத்து உளுத்துவிடும். துருப்பிடிக்காத கால்வனைஸ் போல்ட்டாக வாங்கு. இரண்டு கிளைகளுக்கு நடுவே உத்தரம் போட்டால் ஒரு முனையை மட்டும் முடுக்கு. இன்னொரு முனை நகர்வதற்கு நீளத் துளை வேண்டும். காற்றடித்தால் இரண்டு கிளையும் ஒரே மாதிரி ஆடாது. இரண்டு பக்கமும் முடுக்கினால் உத்தரம் பிளக்கும், இல்லாவிட்டால் போல்ட் பிய்த்துக்கொண்டு வரும். ஐ.டி.ஐ-யில் தச்சு சொல்லிக்கொடுத்த காலத்தில் பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்னது இது: பச்சை மரத்தை அசையாத சுவர் என்று நினைத்து வேலை செய்யாதே.

மரம் வளர்ந்தால் வீடும் மேலே போய்விடுமா என்று பேரன் கேட்டானாம். போகாது என்று சொல். மரம் நுனியில்தான் உயரும். ஆறு அடியில் அடித்த ஆணி ஆறு அடியிலேயே இருக்கும். தண்டு பருக்கும், அவ்வளவுதான். அதனால் பலகைக்கு நடுவே தண்டு வருகிற இடத்தில் சுற்றிலும் மூன்று அங்குலம் இடைவெளி விடு. தரை ஆறு ஏழு அடிக்கு மேல் வேண்டாம். கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே பிள்ளையின் தலை நுழையக் கூடாது, நாலு அங்குலத்துக்கும் குறைவாகவே இருக்கட்டும். பனிக்காலம் முடிந்ததும் ஒவ்வொரு வருஷமும் மாப்பிள்ளை ஏறி நட்டுகளைப் பார்க்க வேண்டும்.

சரி, அடுத்த விஷயம்.

நீ கல்லூரியில் படிக்கும்போது 2004-ல் இணையத்தில் ஒரு வலைப்பூ (பிளாக்) ஆரம்பித்தாய். தம்பி போனில் எடுத்துக் கொடுத்தான், ராத்திரியில் ஒவ்வொன்றாகப் படித்து வருகிறேன். புளியமரத்துப் பரணில் உட்கார்ந்து நோட்டில் எழுதுவாய். சனிக்கிழமை ஆரப்பாளையம் பஸ் ஏறி, மதுரையில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தட்டச்சு செய்துவிட்டு வருவாய். வெட்டிச் செலவு என்று சொந்தத்தில் சிலர் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை.

அது எவ்வளவு புது விஷயம் என்று இப்போதுதான் புரிகிறது. அமெரிக்காவில் ஜஸ்டின் ஹால் என்கிற மாணவர் 1994-லேயே தன் வாழ்க்கையை இணையத்தில் எழுத ஆரம்பித்திருக்கிறார். ஆனால் அந்த நாளில் பக்கத்தைக் கையாலேயே HTML என்கிற குறிமொழியில் எழுதி ஏற்ற வேண்டும். 1999 ஆகஸ்டில் பைரா லேப்ஸ் என்ற சின்ன நிறுவனம் வலைப்பூ எழுதுவதற்கான பிளாக்கர் தளத்தைக் கொண்டுவந்த பிறகுதான், கட்டத்தில் எழுதி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும் என்று ஆனது. 2003-ல் கூகுள் அதை வாங்கியது. தமிழுக்கு இன்னொரு தடையும் இருந்தது. தளத்துக்குத் தளம் வேறு எழுத்துரு, உன்னிடம் அது இல்லாவிட்டால் திரை முழுக்கக் கிறுக்கல். விண்டோஸ் 98 கணினியில் உட்கார்ந்து நீ தவித்ததையும், எக்ஸ்பி இருக்கிற சென்டராகத் தேடிப் போனதையும் நீயே எழுதியிருக்கிறாய். எல்லாத் தளத்துக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறையும், தமிழில் தட்டச்சு செய்ய எ-கலப்பை என்ற மென்பொருளும் வந்ததும்தான் அந்தத் தொல்லை தீர்ந்தது. அதே 2004-ல் தமிழ்மணம் என்ற தளம் வந்து, சிதறிக் கிடந்த பதிவுகளை ஒரே இடத்தில் காட்டியது. முகம் தெரியாதவர்கள் உன் எழுத்தைப் படித்தார்கள்.

அந்த வலைப்பூவும் நீ போட்டுக்கொண்ட பரண்தான் தாமரை. சின்ன இடம், யாரையும் கேட்காமல் நீயே ஏறி உட்கார்ந்த இடம். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கவலையே அந்த எழுத்தில் இல்லை. அணில் பரணுக்கு வந்ததை ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காக்கப் போகிற பெண்கள் மரத்தின் மேல் கட்டிய, புலியும் அஞ்சுகிற இதணம் என்ற பரணில் ஏறி, தழல், தட்டை, குளிர் என்ற கருவிகளை வைத்துக் கிளி ஓட்டுவதைப் படித்துவிட்டு, நம் புளியமரத்தில் இருந்தபடியே அதைப் பற்றி எழுதியிருக்கிறாய். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின பிள்ளைகளோடு என் மகள் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

அதைப் பத்திரப்படுத்து. பரண் நம் மரத்தில் இருந்தது, வலைப்பூ இருப்பது இன்னொருத்தர் இடத்தில். ஜியோசிட்டிஸ் என்று எத்தனையோ பேர் சொந்தப் பக்கம் வைத்திருந்த இடத்தை யாஹூ 2009 அக்டோபரில் மூடிவிட்டது. இணைய ஆவணக் காப்பகம் போன்றவர்கள் ஓரளவு காப்பாற்றினார்கள், மற்றது போனது போனதுதான். கூகுளில் நம் தகவலை எடுத்துக்கொள்ள இருக்கிற டேக்அவுட் வசதியில் பிளாக்கர் பதிவுகளை மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம் என்று தம்பி சொல்கிறான். உன் பழைய கடவுச்சொல் உனக்கு மட்டும்தானே தெரியும், நீதான் செய்ய வேண்டும். ஒரு பிரதி நீ வை, ஒன்று தம்பிக்கு அனுப்பு.

மறுபடியும் எழுது என்று நான் வற்புறுத்த மாட்டேன், உனக்கு வேலையும் பிள்ளையும் இருக்கிறது. ஆனால் மரவீடு கட்டும்போது தேதி போட்டு நாலு வரி எழுதி வைத்தால் அப்பாவுக்குச் சந்தோஷம். எந்தப் பலகை எங்கே போனது, அவன் என்ன கேட்டான், அதுமாதிரி.

பேரன் இப்போது தமிழ் எழுத்துக் கூட்டுகிறான் என்றாயே. அணில் பதிவைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து, பைண்ட் போட்டு அவனுக்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன். தம்பி மதுரையில் கடை பார்த்து வைத்துவிட்டான். கோப்பு வந்ததும் கொடுத்துவிடலாம்.

அன்புடன்,
அப்பா