கர்ப்பப்பை அறுவை சிகிச்சையில் துணை நின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

கர்ப்பப்பை அகற்றும் ஆபரேஷனுக்குத் தயாராகும் பெண்களுக்கு வழிகாட்டும் பணியில் இருக்கும் நாங்கள் இதை எழுதுகிறோம். அறுவை செய்த மருத்துவருக்கு எல்லோரும் நன்றி சொல்லிவிடுகிறார்கள். அவருக்கு முன்னும் பின்னும் உழைத்தவர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

தேதி குறிக்கும் முன்பே ஹீமோகுளோபின் பார்த்து, "முதலில் ரத்தம் ஊறட்டும்" என்று நிறுத்தி வைத்தவர்களே, உங்களுக்கு முதல் வணக்கம். அதிக ரத்தப்போக்கால் வருகிற பலருக்கு ரத்த சோகை இருக்கும். அப்படியே மேசை ஏறினால் ரத்தம் ஏற்ற நேரலாம், தேறவும் நாளாகும். இரும்புச்சத்து மாத்திரை பலன் தர வாரக்கணக்காகும். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை இவற்றோடு விழுங்கினால் அது சரியாக உடம்பில் சேராது. அவகாசம் இல்லாதபோது டிரிப் வழியாக இரும்பு ஏற்றிய உங்கள் முன்யோசனை பெரிது.

எதை எடுப்பார்கள், எதை விடுவார்கள் என்று படம் வரைந்து காட்டியவர்களுக்கும் நன்றி. சினைப்பைகள் இருந்தால் மாதவிலக்கு மட்டும் நிற்கும். ஹார்மோன் தொடர்ந்து சுரக்கும். இரண்டும் போனால் திடீர்ச் சூடும் வியர்வையும் சில நாட்களிலேயே தொடங்கலாம், எலும்பும் வேகமாக வலுவிழக்கும். கையெழுத்துப் போடும் முன்பே ஒரு பெண் இதைத் தெரிந்துகொள்வது அவளுடைய உரிமை. கர்ப்பப்பை வாயை விட்டுவைத்தால் அதற்கான புற்றுநோய்ப் பரிசோதனை தொடர வேண்டும் என்பதும் அப்படித்தான்.

மயக்க மருந்து மருத்துவர்கள் 6 மணி நேரம் திட உணவு கூடாது, தெளிந்த நீர் 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம் என்பதோடு நிற்கவில்லை. மயக்கத்தில் இரைப்பையில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடலாம் என்ற காரணத்தையும் சொன்னார்கள். காரணம் தெரிந்தவர் யாரும் ஒளித்துச் சாப்பிடுவதில்லை. வீட்டில் பிளேடு வைத்து மழிக்காதீர்கள், கீறலில் கிருமி புகும் என்று எச்சரித்த செவிலியர்களுக்கும் நன்றி.

வார்டு செவிலியர்களைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். நேராக எழுந்து உட்காரவிடாமல், முழங்காலை மடக்கி, ஒருக்களித்து, கையை ஊன்றி எழப் பழக்கினீர்கள். இருமும்போது வயிற்றில் தலையணையை அணைத்துப் பிடிக்கச் சொன்னீர்கள். வலி என்று முகம் சுளித்தாலும் விடாமல் நடக்க வைத்தீர்கள்; படுத்தே கிடந்தால் காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறையலாம், குடலும் மந்தமாகும். சிறுநீர்க் குழாயை எடுத்த பிறகு எவ்வளவு போகிறது என்று அளந்து பார்த்தீர்கள். சிறுநீர்ப்பை தானே காலியாகாமல் தேங்கி நின்றால் மறுபடியும் குழாய் தேவைப்படும். லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சிறு துளைகள் வழியே ஆபரேஷன், செய்துகொண்டவர் தோள் வலிக்கிறது என்று பதறியபோது, வயிற்றை விரிக்கச் செலுத்திய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது, ஓரிரு நாளில் அடங்கும் என்று ஆற்றினீர்கள்.

மலச்சிக்கலை யாரும் பேச விரும்புவதில்லை, நீங்கள் பேசினீர்கள். வீரியமான வலி மருந்துகள் குடலை மந்தப்படுத்தும். முக்கினால் உள்தையலில் அழுத்தம் விழும். அதனால் முதல் நாளிலிருந்தே மலமிளக்கி, நிறையத் தண்ணீர், கழிப்பறையில் காலடியில் ஒரு சிறு முக்காலி.

வீட்டாரே, உங்கள் பங்குதான் நீண்டது. வெளித்தையல் இரண்டு வாரத்தில் ஆறியதுபோல் தெரியும். உள்ளே பிறப்புறுப்பின் உச்சியில் போட்ட தையல் ஆற 6 முதல் 8 வாரம் ஆகும். அதுவரை ஆபரேஷன் ஆன பெண்களை 4, 5 கிலோவுக்கு மேல் எதையும் தூக்கவிடாமல் நிறைந்த வாளியையும் குழந்தையையும் நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள். மருத்துவர் பார்த்துச் சரி என்னும்வரை தாம்பத்தியத்தைத் தள்ளிவைத்த கணவர்களுக்குத் தனி நன்றி.

லேசான ரத்தக்கசிவு சில வாரம் இருக்கும், கவலையில்லை. ஆனால் ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுதும் நனைவது, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், துர்நாற்றக் கசிவு, ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சுத் திணறல், கட்டுப்பாடின்றிச் சிறுநீர் ஒழுகுவது இவற்றில் எது வந்தாலும் காத்திருக்கவே கூடாது. இந்தப் பட்டியலைத் தாளில் எழுதி கையில் கொடுத்தனுப்பியவர்களுக்கும், நள்ளிரவில் வந்த அழைப்பை எடுத்து "உடனே வாருங்கள்" என்று சொன்ன இரவுப்பணிச் செவிலியர்களுக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
வழிகாட்டும் குழுவினர்