மாப்ளேக்கு ஒரு மளிகைக் கடிதம்

மதுரை,
22-02-2026

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. உன் வீட்டுக்காரிக்கு, அதாவது தங்கச்சிக்கு, முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்கிறாள் என்று படித்தபிறகுதான் மனசு ஆறியது. பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண் வரும்போது, வலிக்கிறது என்று சொல்லி அவள் தட்டிக்கழிக்க விடாதே. எங்கள் பெரியண்ணி முதல் ஆறு வாரம் விடாமல் செய்ததால்தான் இன்றைக்குக் கால் நன்றாக மடங்குகிறது. இங்கே எல்லோரும் சுகம். எனக்கு வலது கண்ணில் புரை எடுத்து ஒரு மாதம் ஆகிறது. கண்ணாடி போட்டால் பாக்கெட் மேலிருக்கிற பொடி எழுத்துகூடப் பளிச்சென்று தெரிகிறது. பெங்களூரில் சின்னவளின் பிள்ளை நடக்க ஆரம்பித்துவிட்டான்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை வருடம் தங்கச்சியே கடை கண்ணியெல்லாம் பார்த்துக்கொண்டாள், மூன்று மாதமாக நான் போகிறேன், அவள் 9,000 ரூபாயில் முடித்த மாதச் செலவு எனக்கு 14,000 ஆகிறது, விலைவாசி ஏறிவிட்டதா, என்னை ஏமாற்றுகிறார்களா என்று எழுதியிருந்தாய். மூன்று மாதத்தில் விலை அப்படியொன்றும் ஏறவில்லை. உன்னை யாரும் ஏமாற்றவும் இல்லை.

நான் கீழமாசி வீதியில் மளிகை மொத்தக் கடையில் 32 வருடம் கணக்கு எழுதியவன் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறாய். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். துவரம்பருப்பு மூட்டை இன்றைக்கு என்ன விலை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்தக் காலத்தில் சொல்வேன். என் வீட்டுக்கு மாதம் எத்தனை கிலோ துவரம்பருப்பு செலவாகிறது என்று கேட்டிருந்தால் பதில் தெரியாது. மகள் பிரசவத்துக்கு என் வீட்டுக்காரி, அதுதான் உன் தங்கச்சி, நாலு மாதம் பெங்களூர் போயிருந்தபோது நானும் உன்னை மாதிரிதான் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். எல்லாம் மலிவாகத்தான் வாங்கினேன். ஆனாலும் மாதக் கடைசியில் பணம் காணவில்லை. ஒரு பக்கம் ரவையில் வண்டு, இன்னொரு பக்கம் காபிப்பொடி இல்லை. விலை தெரிந்தால் மட்டும் போதாது, வீட்டின் அளவு தெரிய வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அதனால் நீ செய்ய வேண்டிய முதல் வேலை கடையில் இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொண்டு, தங்கச்சி கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார். அவள் தலைக்குள் நாற்பது வருடக் கணக்கு இருக்கிறது. ஒவ்வொன்றாகக் கேட்டு எழுது. உன் தங்கச்சி போனில் சொல்லச் சொல்ல நான் எழுதிய நோட்டு இப்போதும் அலமாரியில் இருக்கிறது. துவரம்பருப்பு ஒன்றரை கிலோ, ஆள் வந்தால் இரண்டு. உளுந்து இரண்டு கிலோ, வெயில் காலத்தில் மாவு சீக்கிரம் புளிக்கும், அதனால் ஒன்றரை போதும். கடுகு கால் கிலோ மூன்று மாதத்துக்கு வரும். வெந்தயம் நூறு கிராமுக்கு மேல் வாங்காதீர்கள், கசந்து போகும். இப்படி 43 சாமான். எழுதி முடித்தபோது, இவளை ஒருநாள்கூடக் கேட்டதில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. தங்கச்சிக்கும் படுத்தே கிடக்கிற அலுப்பு கொஞ்சம் குறையும் பார்.

அப்புறம் அடுக்களை அலமாரியை முழுக்கக் காலி செய்து தரையில் பரப்பிப் பார். சின்னவள் வீட்டில் போன தீபாவளிக்கு நானும் அவளும் அப்படிச் செய்தோம். கடுகு ஐந்து பாக்கெட், சேமியா ஏழு, பிரித்துப் பாதியில் ரப்பர் பேண்ட் போட்ட கடலைமாவு மூன்று. எல்லாம் போனில் ஆர்டர் செய்தது. பால் வேண்டும் என்று அந்த ஆப்பைத் திறப்பார்கள். இன்னும் இத்தனை ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம் என்று வரும். கைக்கு வந்ததைச் சேர்ப்பார்கள். இருபது ரூபாய் மிச்சம் பிடிக்க எண்பது ரூபாய்க்குச் சாமான். உன் பையன் உனக்கும் அதைப் போட்டுக்கொடுத்திருக்கிறான் என்று எழுதியிருந்தாய். மருந்துக்கு, அவசரத்துக்கு இருக்கட்டும். மளிகைக்கு வேண்டாம்.

பாக்கெட்டில் வாங்குகிற சாமானுக்கு ஒரு விஷயம் பழகிக்கொள். முன்பெல்லாம் பிஸ்கட், டீத்தூள், எண்ணெய் போன்றவற்றை இன்ன இன்ன எடையில்தான் அடைக்க வேண்டும் என்று விதியில் பட்டியல் இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். இப்போது 95 கிராம், 185 கிராம் என்று இஷ்டத்துக்கு வருகிறது. அதற்குப் பதிலாக, எம்.ஆர்.பி. பக்கத்திலேயே ஒரு கிராமுக்கு எவ்வளவு, ஒரு மில்லிக்கு எவ்வளவு என்று போட வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும். பெரிய பாக்கெட் என்றால் கட்டாயம் மலிவு என்று நினைக்காதே. போன மாதம் இங்கே ஒரு பெரிய கடையில் 'குடும்பப் பாக்கெட்' என்று பெரிதாக அச்சடித்த சலவைத்தூள், கிராம் கணக்கில் பக்கத்திலிருந்த சின்னப் பாக்கெட்டைவிட விலை கூடுதலாக இருந்தது.

எண்ணெயில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் எடை போட்டால் 910 கிராம் வரும். இப்போது 850 கிராம் பாக்கெட்டும் அதே உயரத்தில், அதே அகலத்தில் பக்கத்திலேயே அடுக்கியிருக்கிறார்கள். பத்து ரூபாய் குறைவாக இருக்கிறதே என்று கை அதற்குத்தான் போகும். பாக்கெட்டுக்கு 60 கிராம் குறைகிறது. மாதம் நாலு பாக்கெட் வாங்குகிற வீட்டில் வருடத்துக்கு மூன்று லிட்டருக்கு மேல் ஆகிவிடும். எடை 910 கிராம் என்று பார்த்து எடு, இல்லையென்றால் மில்லி விலையைப் பார்.

அரிசிக்கு வா. 2022 ஜூலையில், 25 கிலோ வரைக்கும் அடைத்து லேபிள் ஒட்டின அரிசிக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்தது. அப்போதிலிருந்துதான் கடைகளில் 26 கிலோ சிப்பம் நிற்கிறது; அதற்கு அந்த வரி இல்லை. 1,500 ரூபாய் சிப்பத்துக்கு 5 சதவீதம் என்றால் 75 ரூபாய். உங்கள் இரண்டு பேருக்கும் ஒரு சிப்பம் இரண்டரை மாதம் வரும், கெட்டுப்போகாது. வாங்கும்போது பழசா புதுசா என்று கேள். தை அறுவடை முடிந்து இப்போது வருகிற புது அரிசி விலை குறைவாகத்தான் இருக்கும். ஆனால் சாதம் குழைந்துவிடும், அவ்வளவாகக் காணாது. ஒரு வருடப் பழசு கிலோவுக்கு நாலைந்து ரூபாய் கூடினாலும் நன்றாகக் காணும். எங்கள் முதலாளி நாலு அரிசியை எடுத்து முன்பல்லால் கடித்துப் பார்ப்பார். பழசு 'டக்'கென்று உடையும், புதுசு பல்லில் ஒட்டும். அவர் சாக்குக்குள் முழங்கைவரை கையை விட்டு அடியிலிருந்துதான் அள்ளுவார். மேலே இருப்பது பார்வைக்கு வைத்த சரக்கு என்பார்.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இனிமேல்தான். வருடத்துக்கு வாங்கி வைப்பது. எல்லாச் சாமானையும் அப்படி வாங்கக் கூடாது. மாவு, ரவை, எண்ணெய், அரைத்த பொடி இதெல்லாம் மாதத்துக்கு மேல் வேண்டாம். புளி, மிளகாய் வத்தல், மல்லி, துவரம்பருப்பு, இந்த நாலும் போதும். நாலுக்கும் இப்போதுதான் காலம். மாசி பங்குனியில் புதுப் புளி வந்துவிடும். ராமநாதபுரம் முண்டு வத்தல் மாசியில் தலைகாட்டி சித்திரை வரைக்கும் வரத்து இருக்கும். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடுகூடக் கொடுத்தார்கள். நாட்டு மல்லியும் இதே சமயம்தான். துவரை கலபுரகி, லத்தூர் பக்கம் மார்கழி, தையில் அறுத்து நமக்குப் பருப்பாக வந்து சேர இந்த மாதங்கள் ஆகிவிடும். வரத்து நிறைய இருக்கும்போது சரக்கும் நல்லது, விலையும் இறங்கியிருக்கும். ஆடி தாண்டிவிட்டால் குடோனில் கிடந்ததைத்தான் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டும். வாரா வாரம் பேப்பரில் விருதுநகர் மார்க்கெட் நிலவரம் போடுவார்கள். இரண்டு மூன்று வாரம் பார்த்துக்கொண்டே வந்தால், இறங்குகிறதா ஏறுகிறதா என்று உனக்கே தெரிந்துவிடும்.

வாங்கினால் மட்டும் போதாது, காபந்து பண்ண வேண்டும். வத்தலைக் கையில் அள்ளிக் குலுக்கினால் விதை கலகலவென்று சத்தம் போட வேண்டும்; அதுவரை வெயிலில் கிடக்கட்டும். பருப்புக்கு உன் தங்கச்சி செய்வதைச் சொல்கிறேன். நாள் முழுக்க மொட்டைமாடியில் காயவைத்து, சாயங்காலம் சூடு ஆறினதும் தாம்பாளத்தில் கொட்டுவாள். கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் விளக்கெண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு, பிசையாமல், தலைக்கு எண்ணெய் வைப்பது மாதிரி மெதுவாகத் தடவிவிடுவாள். பருப்பு மங்கலான மஞ்சளிலிருந்து பளபளவென்று மாறிக்கொண்டே வரும். டப்பாவில் போட்டு நடுவில் இரண்டு வசம்புத் துண்டு. ஒன்பது மாதம் ஆகியும் ஒரு வண்டு விழுந்ததில்லை. வேகவைக்கும்போது வெந்நீரில் ஒருமுறை அலசினால் போதும்.

காய்கறிக்கு உனக்கு நல்ல வசதி இருக்கிறது. சிங்காநல்லூரில் உழவர் சந்தையை வைத்துக்கொண்டு ஏசி கடையில் பிளாஸ்டிக் தாளில் சுற்றின கத்திரிக்காய் வாங்குகிறேன் என்று எழுதியிருக்கிறாயே! தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14-ல் இங்கே அண்ணா நகரில்தான் திறந்தது. நான் வேலைக்குப் போகும் வழியில் இறங்கி வாங்கின நாள் நன்றாக நினைவிருக்கிறது. விவசாயிக்குக் கடை வாடகை இல்லை, தராசும் சந்தையிலேயே கொடுக்கிறார்கள், நடுவில் தரகு இல்லை. அன்றன்றைய விலையை மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் நடுவில் வைத்துப் பலகையில் எழுதிவிடுவார்கள். அந்தப் பலகையைப் படித்துவிட்டு உள்ளே போ. இன்றைக்கு எது மலிவோ அதைத்தான் சமைப்பது என்று வைத்துக்கொள். முருங்கை கொட்டிக்கிடக்கிற மாதத்தில் பீன்ஸ் கேட்காதே. இரண்டு பேருக்கு மூன்று நாளைக்கு மேல் வாங்கவும் கூடாது. வாடி வதங்கிக் குப்பைக்குப் போன காய்க்குக் கொடுத்த காசையும் நோட்டில் எழுது. ஒரு மாதம் எழுதினால் கை தானாகக் குறைத்து வாங்கும். கீரை விற்கிற பாட்டிகளிடம் மட்டும் பேரம் பேசாதே. அந்த இரண்டு ரூபாய் நமக்கு வேண்டாம்.

ரேஷன் கடை வரிசையில் நிற்கக் கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அது எனக்கு ஒப்பவில்லை. அரிசி அட்டை உன் பெயரில் இருக்கிறது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். வெளியே பருப்பு மட்டுமே அதைப்போல நாலு மடங்கு. தங்கச்சி இத்தனை வருடம் வெயிலில் அந்த வரிசையில் நின்றுதான் பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். நீ நிற்பதில் ஒரு குறையும் இல்லை.

குளியல் சோப்புக் கட்டி, பேஸ்ட், ஷாம்பு, தலைக்கு வைக்கிற எண்ணெய் எல்லாவற்றுக்கும் 2025 செப்டம்பர் 22-லிருந்து ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் அதைச் சரிபார்த்துக்கொள்.

உங்கள் தெருமுனை அண்ணாச்சி கடையை விட்டுவிடாதே. எல்லாவற்றிலும் அவர் மலிவாக இருக்க மாட்டார். ஆனால் ஐம்பது கிராம் சீரகம் கேட்டால் ஐம்பது கிராமே கட்டித்தருவார். பெரிய கடையில் இருநூறு கிராம் பாக்கெட்தான். பழகிவிட்டால், இந்த உளுந்து வேண்டாம் சார், வியாழக்கிழமை புது மூட்டை வருகிறது என்று அவரே சொல்வார். தங்கச்சி ஆஸ்பத்திரியில் இருந்தபோது பால் பாக்கெட்டை வீட்டுக்கே கொடுத்தனுப்பினதும் அவர்தான் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

நேற்று நத்தத்திலிருந்து புதுப் புளி பத்து கிலோ வந்தது. திண்ணையில் பாயை விரித்து நானும் உன் தங்கச்சியும் சாயங்காலம் வரைக்கும் கொட்டை எடுத்தோம். ஆறு கிலோ சொச்சம் நின்றது. அதில் இரண்டு கிலோ உனக்கு, கல்லுப்பு போட்டுச் சின்ன ஜாடியில் அமுக்கி வைத்திருக்கிறாள். பெரியவன் மார்ச் முதல் வாரம் ஆபீஸ் வேலையாகக் கோவை வருகிறான், கொடுத்துவிடுகிறேன். உங்கள் வீட்டுக்கு அது எத்தனை மாதம் வரும் என்று தங்கச்சியிடம் கேட்டு, நோட்டில் எழுதிவிட்டு, அடுத்த கடிதத்தில் எனக்குச் சொல்.

அன்புடன்,
உன் சுந்தரம்