ஆறு மணிக்கு ஓடத் தொடங்கும் கடிகாரம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. சைக்கிள் கிளப்பில் பேசிப் பேசிக் கடைசியில் டைம் ட்ரையல் தொடர் (ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் புறப்பட விட்டு, எடுத்த நேரத்தை ஒப்பிடும் பந்தயம்) நடத்துவதென்று முடிவாகி, பொறுப்பும் உன்னிடமே வந்திருப்பதில் எனக்கு நிறைய மகிழ்ச்சி. வெவ்வேறு நாளில் 6 சுற்று, ஒவ்வொன்றும் 20 கிலோமீட்டர், சுமார் 60 பேர் என்று எழுதியிருக்கிறாய். முதல் வருடத்துக்கு அது சரியான அளவு. கோப்பை, டி-ஷர்ட், சிப் டைமிங் (சைக்கிளில் மாட்டிய சிப்பைக் கருவியே படித்து நேரம் எடுப்பது) பற்றியெல்லாம் ஒரு பக்கம் கேட்டிருக்கிறாய். ஆனால் முடிவுக்கோட்டில் நேரம் எழுதப் போவது யார் என்று எங்கேயும் காணோம். தொடர் நிற்பதும் விழுவதும் அந்த ஒருவரால்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நேரம் எழுதுகிறவர் விடியற்காலையில் எழுந்து வந்தவர். கையில் பென்சில், எதிரே ஒரே நேரத்தில் மூன்று பேர் பாய்ந்து வருகிறார்கள். அவர் மனக்கணக்கு எதுவும் போடாமல் இருக்கும்படி ஏற்பாடு செய். அதற்கு எளிய வழி, புறப்படும் நிமிடத்தையே எண்ணாகக் கொடுத்துவிடுவது. 6:00:00க்கு இரண்டு ஸ்டாப்வாட்சுகளை இரண்டு கட்டைவிரலாலும் ஒன்றாக அழுத்து. ஒன்று புறப்பாட்டுக்கு, ஒன்று முடிவுக்கோட்டுக்கு. கடைசி ஆள் வந்து சேரும்வரை இரண்டையும் யாரும் நிறுத்தக் கூடாது. 1ஆம் எண் 6:01க்கு, 47ஆம் எண் 6:47க்குப் புறப்படுவார். 47 முடிக்கும்போது கடிகாரம் 74 நிமிடம் 38 விநாடி காட்டினால், 47ஐக் கழிக்க அவருடைய நேரம் 27:38. அவ்வளவுதான் கணக்கு.

இந்தக் கழித்தலைக்கூட முடிவுக்கோட்டில் செய்ய விடாதே. அங்கே இருப்பவர் கடிகாரம் காட்டுவதை அப்படியே எழுதட்டும். பெரும்பாலான ஸ்டாப்வாட்சுகள் 74:38 என்று காட்டாது, 1:14:38 என்றுதான் காட்டும். அந்த 1ஐ 60 ஆக்கிச் சேர்க்கும் இடத்தில்தான் தவறு நுழைகிறது. விநாடியில் பிழை வருவது அபூர்வம், ஏனென்றால் எல்லோர் கண்ணும் விநாடியில்தான் இருக்கும். நிமிடம் ஒன்று கூடியோ குறைந்தோ போவதுதான் வழக்கமான பிழை. பிறகு நிழலில் உட்கார்ந்து இரண்டு பேர் தனித்தனியாகக் கழித்துப் பார்த்து, விடைகளை ஒப்பிட்டால் போதும்.

முடிவுக்கோட்டில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கோட்டை மட்டும் பார்க்க வேண்டும். சாலைக்கு எதிர்ப்புறம் ஒரு கம்பை நட்டு, அதற்கும் தன் கண்ணுக்கும் நேராகக் கோடு இருக்கும்படி நின்று, முன்சக்கரம் கோட்டைத் தொடும்போது கடிகாரத்தைப் படித்து உரக்கச் சொல்வார். மற்றவர் கோட்டைத் தாண்டி நாலைந்து மீட்டர் தள்ளி நின்று எண்ணைப் பார்த்து எழுதுவார். ஏரோ பாரில் (முன்கைகளை ஊன்றிக் குனிந்து ஓட்ட உதவும் கைப்பிடி) குனிந்து வருகிறவரின் முதுகு நடுவில் குத்திய எண் வானத்தைத்தான் பார்க்கும். இடுப்புக்குக் கீழே, பின்புறத்தில் குத்தினால் கடந்துபோகும்போது தெளிவாகத் தெரியும். ஊக்கு நான்கு போதாது. மேல் மூலை இரண்டு, கீழ் மூலை இரண்டு, பக்கவாட்டு நடுவில் இரண்டு, ஆக ஆறு இருந்தால்தான் காற்றில் படபடக்காது. கோட்டுக்கு 50 மீட்டர் முன்பே ஓட்டுகிறவர் தன் எண்ணைக் கத்திச் சொல்ல வேண்டும் என்று விதியிலேயே போட்டுவிடு. எழுதுவதற்குப் பென்சில்தான். பனியிலோ தூறலிலோ தாள் நனைந்தால் பால்பாயின்ட் பேனா எழுதாது. ஈரத் தாளில் 3ம் 8ம் ஒன்றுபோல் ஆகிவிடும் என்பதால் ஒவ்வொரு எண்ணையும் எழுதுகிறவர் வாய்விட்டுத் திருப்பிச் சொல்வது நல்லது. கூடவே ஸ்டாண்டில் ஒரு போனை வைத்துக் கோட்டைக் காணொளி எடு. தொடக்கத்தில் ஒரு தடவை ஸ்டாப்வாட்சைக் கேமராவுக்குக் காட்டிவிட்டால், விட்டுப்போன எண்ணை அதிலிருந்து மீட்டுவிடலாம்.

சிப் டைமிங் இந்த அளவுக்குத் தேவையில்லை. கையால் அழுத்துவதிலும் கண்ணால் படிப்பதிலும் விநாடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு முன்பின் ஆகும். அதனால் முழு விநாடியில் மட்டும் முடிவை வெளியிடு. இருவர் ஒரே நேரம் என்றால் இருவருக்கும் அதே இடம். 27:38.4 என்று வெளியிட்டால் கையில் இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டுகிறோம், முதல் சண்டை அதிலிருந்துதான் வரும்.

எண் வரிசையில் 10, 20, 30 என்று பத்தாவதையெல்லாம் காலியாக விடு. 60 பேருக்கு 66 வரை போகும், கடைசி ஆள் 7:06க்குப் புறப்படுவார். அந்தக் காலி நிமிடங்கள் புறப்பாட்டில் நிற்பவருக்கு மூச்சுவிட நேரம் தரும், தாமதமாக வருகிறவருக்கு இடமும் தரும். 23ஆம் எண் தாமதமாக வந்து 6:30க்குப் புறப்பட்டால் அந்த 7 நிமிடமும் அவர் கணக்கில்தான். கடிகாரம் 6:23க்கே அவருக்கு ஓடத் தொடங்கிவிட்டது. ஒருவருக்கு இரங்கி இதைத் தளர்த்தினால் அன்றைய தாளில் எண்ணுக்கும் நிமிடத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகும்.

சைக்கிளைப் பிடிக்கிறவருக்கு ஐந்து நிமிடமாவது பயிற்சி கொடு. பின்சக்கரத்தை இரண்டு காலுக்கு நடுவில் வைத்து, சீட்டுக்கு அடியில் கம்பியைப் பிடித்து நேராக நிறுத்த வேண்டும். தள்ளக் கூடாது, வெறுமனே விட வேண்டும். 30 விநாடி, 10 விநாடி என்று அறிவிப்பு, பிறகு ஐந்திலிருந்து ஒன்றுவரை விரலைக் காட்டி எண்ணுவது. ஹெல்மெட் காதை மூடியிருப்பவருக்கு விரல்தான் தெரியும்.

யாருக்குப் பின் யார் என்பதில் நிறைய யோசிக்க வேண்டியிருக்கிறது. மணிக்கு 38 கிலோமீட்டரில் போகிறவருக்கு 1 நிமிடம் கழித்து 40இல் போகிறவரை விட்டால், இடைவெளி 633 மீட்டர், நெருங்கும் வேகம் மணிக்கு 2 கிலோமீட்டர். 19 நிமிடத்தில், ஏறக்குறைய 12.7 கிலோமீட்டரில் பிடித்துவிடுவார். இடைவெளியை 30 விநாடியாக்கினால் அதில் பாதி தூரத்திலேயே பிடிப்பார், அப்புறம் மீதிப் பாதை முழுக்க டிராஃப்டிங் (முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிக் காற்றுக்கு மறைந்து ஓட்டுவது) தகராறு. அதனால் 1 நிமிடம்தான் என் யோசனை. மெதுவானவர்கள் முதலில், வேகமானவர்கள் கடைசியில் என்று அடுக்கினால் முந்துவது குறையும். ஆனால் முடிவில் எல்லோரும் நெருக்கமாக வந்து சேருவார்கள், நேரம் எழுதுகிறவர் திணறிப்போவார். மிக வேகமான ஏழெட்டுப் பேரை 5, 15, 25 என்று பரப்பிவிட்டு, அவர்களுக்கு முன்னால் மிகவும் மெதுவானவர் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். பிடித்தபின் என்ன செய்வது என்பதற்கு சர்வதேச சைக்கிள் சங்கமான யுசிஐயின் விதியையே எடுத்துக்கொள்: கடக்கும்போது பக்கவாட்டில் 2 மீட்டர் இடைவெளி, 1 கிலோமீட்டருக்குப் பிறகு கடக்கப்பட்டவர் குறைந்தது 25 மீட்டர் தள்ளி.

தனித்தனியாக விடும் இந்த முறையே சாலைக் கெடுபிடியால் பிறந்ததுதான். 1890இல் இங்கிலாந்தில் கூட்டமாகச் சாலைப் பந்தயம் ஓட்டுவதற்குச் சைக்கிள் சங்கமே தடை போட்டுவிட, 1895 அக்டோபர் 5 அன்று பிட்லேக் என்பவர் 50 மைல் பந்தயத்தை ஒருவர்பின் ஒருவராக விட்டு நடத்தினார். விடியலில், ஆரவாரமில்லாமல், கறுப்பு உடையில் ஓட்டும் வழக்கம் அந்தக் காலத்தில் வந்தது. கறுப்பு உடை இன்று வேண்டாம். பின்விளக்கு எரியாதவரைப் புறப்பட விடாதே, பகலானாலும் சரி.

பாதைக்கு வருகிறேன். சாலை அனுமதியும் காப்பீடும் கையில் வராமல் தேதியை அறிவிக்காதே, இதில் வேறு சொல்ல ஒன்றுமில்லை. வண்டிகள் இடப்பக்கம் போகும் நாடு என்றால் எல்லாத் திருப்பமும் இடப்பக்கம் வரும்படியும், வலப்பக்கம் போகும் நாடு என்றால் வலப்பக்கம் வரும்படியும் பாதையைத் தேடு. போய்த் திரும்பும் பாதைதான் கிடைக்கிறது என்றால் ரவுண்டானாவில் திருப்பு. நட்ட நடுச்சாலையில் கோனைச் சுற்றித் திரும்புவது எதிர்வரும் வண்டிகளுக்குக் குறுக்கே போவது. பாதையில் நின்று கவனிக்கும் மார்ஷலுக்குப் பல இடங்களில் போக்குவரத்தை நிறுத்தும் அதிகாரம் கிடையாது, எச்சரிக்க மட்டுமே முடியும். வண்டி வந்தால் ரைடர் நின்றுதான் ஆக வேண்டும் என்பதை விதியில் எழுது. திருப்பத்தில் நிற்பவர் கையில் ஒரு விளக்குமாறு கொடு. 40இல் வந்து 10க்குக் குறைத்துச் சாய்ந்து திரும்பும் இடத்தில் ஒரு கைப்பிடி மணல் போதும், முன்சக்கரம் வழுக்கிவிடும். முதல் ஆள் புறப்படுவதற்குள் கூட்ட வேண்டும், நடுவில் ஒரு லாரி போனால் மறுபடி கூட்ட வேண்டும். அவரே திரும்பிய எண்களை வரிசையாகக் குறித்துக்கொள்ளட்டும்.

சூரியனை மறந்துவிடாதே. காலையில் கிழக்கு நோக்கிப் போகும் பகுதியில், பின்னால் வரும் டிரைவரின் கண் கூசும், முன்னால் போகிறவர் நிழலுருவமாகக்கூடத் தெரியமாட்டார். அப்படிப்பட்ட பாதை என்றால் போட்டியை அரை மணி முன்னதாகவோ பின்னதாகவோ தள்ளு, அல்லது வேறு பாதை பார். இன்னொன்று, ஓரமாக நிறுத்தியிருக்கும் வண்டி. டைம் ட்ரையலில் தலையைக் குனிந்தபடி நின்ற வண்டியில் போய் மோதுவதுதான் மிக மோசமான விபத்து. போட்டிக்கு முன் ஒரு கார் முழுப் பாதையையும் சுற்றி வரட்டும். நின்ற வண்டி கண்டால் அதற்கு 100 மீட்டர் முன்னால் மஞ்சள் உடுப்பில் ஓர் ஆளை நிறுத்து. ஆள் இல்லையென்றால் புறப்பாட்டைத் தள்ளிவை.

தூரத்தை ஜிபிஎஸ்ஸை நம்பி அளக்காதே. ஸ்டீல் டேப்பால் 300 மீட்டர் அளந்து, அதில் உன் சைக்கிளை அதே காற்றழுத்தத்தில் நான்கு முறை ஓட்டி, சைக்கிள் மீட்டரில் சக்கரச் சுற்றளவைச் சரிசெய்த பிறகு பாதையை அளந்து பார். 700×25 அளவுள்ள ரோட் பைக் டயரின் சுற்றளவு சுமார் 2105 மில்லிமீட்டர். அதில் 5 மில்லிமீட்டர் பிழைத்தால் 20 கிலோமீட்டரில் 47 மீட்டர், அதாவது 40 வேகத்தில் 4 விநாடிக்கு மேல். ஆனால் தொடருக்கு அதைவிட முக்கியம், 6 சுற்றிலும் கோடு அசையாமல் இருப்பது. 11 மீட்டர் தள்ளிப் போட்டால் 1 விநாடி போய்விடும். மின்கம்பத்தையோ மைல்கல்லையோ அடையாளம் வைத்து, சாலையில் பெயின்ட் அடித்துவிடு. முடிவுக்கோடும் புறப்பாடும் ஒரே இடத்தில் வேண்டாம். முடித்தவர் மூச்சிரைக்கத் திரும்பி வரும்போது புறப்படுகிறவர் குறுக்கே வருவார். 200 மீட்டர் இடைவெளி இருக்கட்டும்.

புள்ளிக்கணக்கைப் பற்றி நீ எழுதியதில் எனக்கு உடன்பாடில்லை. 6 சுற்று நேரத்தையும் கூட்டிக் குறைந்தவருக்குக் கோப்பை என்கிறாய். காற்றுள்ள நாளும் இல்லாத நாளும் ஒன்றாகாது. போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று, சரியாகிவிடும் என்று நினைப்பது தவறு. காற்றில்லாமல் 40இல் போகிறவர் போகையில் 30, வருகையில் 50 என்று ஓட்டினால் 10 கிலோமீட்டருக்கு 20 நிமிடமும் 12 நிமிடமும் ஆகி மொத்தம் 32. காற்றில்லாத நாளில் 30. எதிர்க்காற்றில் அதிக நேரம் செலவாகிறது, அதனால்தான் இழந்தது திரும்பக் கிடைப்பதில்லை. அதோடு, ஒரு சுற்றுக்கு வர முடியாதவர் முழுத் தொடரையும் இழந்துவிடுவார். இடத்துக்குப் புள்ளி கொடு, 6இல் சிறந்த 4ஐ மட்டும் எடு. வென்றவர் நேரத்தின் சதவீதம் என்பதும் சிலர் செய்வதுதான், ஆனால் ஒரே நாள் மிக வலுவான ஒருவர் வந்தால் மற்ற எல்லோர் புள்ளியும் இறங்கிவிடும்.

கூட ஒரு பட்டியல் போடு, அது எனக்கு மிகவும் பிடித்தது. அன்றைய நடு நேரத்தோடு (எல்லோர் நேரத்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) அவரவர் நேரத்தை ஒப்பிடுவது. அமைதியான நாளில் நடு நேரம் 33:00, ஒருவர் 34:00 என்றால் 103.0 சதவீதம். காற்றடித்த நாளில் நடு நேரம் 35:00, அவர் 35:30 என்றால் 101.4. கடிகாரத்தில் ஒன்றரை நிமிடம் மெதுவானாலும் அவர் உண்மையில் முன்னேறியிருக்கிறார். இரண்டு நாளும் ஓட்டியவர்களை மட்டும் வைத்து நடு நேரத்தை எடு, இல்லாவிட்டால் வந்த கூட்டம் மாறியதே முன்னேற்றம் போலத் தெரியும். 50ஆவது இடத்தில் வருகிறவர் அடுத்த சுற்றுக்கும் வருவது இந்தப் பட்டியலுக்காகத்தான்.

ஏரோ பார், டிஸ்க் வீல் (கம்பிகளுக்குப் பதில் தட்டுபோல் மூடிய சக்கரம்) உள்ளவர்களையும் சாதாரண ரோட் பைக்காரர்களையும் ஒரே பட்டியலில் போடாதே. சமதளத்தில் அந்த வேகத்தில் செலவாகும் சக்தியில் பெரும்பங்கு காற்றைக் கிழிப்பதற்கே போகிறது, உடம்பைச் சுருக்கியவருக்கு அது நேரடி லாபம். 1989 டூர் டி பிரான்ஸின் கடைசி நாள், 24.5 கிலோமீட்டர் டைம் ட்ரையலில், ஏரோ பார் வைத்திருந்த அமெரிக்கர் லெமாண்ட் 50 விநாடி பின்தங்கியிருந்து மொத்தத்தில் 8 விநாடியில் பிரெஞ்சுக்காரர் ஃபின்யோனை வென்றது இன்றும் பேசப்படுகிறதே.

ஆள் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். 60 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், வேண்டியது சுற்றுக்குப் பத்துப் பேர். தொடரில் இடம் பெற வேண்டுமானால் ஒரு சுற்றில் மார்ஷலாக நின்றாக வேண்டும் என்று விதி போடு. நின்ற சுற்றுக்கு, அவர் ஓட்டிய மற்ற சுற்றுகளின் சராசரிப் புள்ளியைக் கொடு. பெயர் கொடுக்கும்போதே எந்தத் தேதி என்று வாங்கிவிட வேண்டும். பிறகு கேட்டால் எல்லோருக்கும் அன்று கல்யாணம் இருக்கும்.

புறப்படும்போது கையெழுத்து வாங்குவது போலவே முடித்த பிறகும் வாங்கு. நேரடியாக வீட்டுக்குப் போய்விட்ட ஒருவரைத் தேடி மீட்பு வண்டி பாதை முழுக்க அலைவதும், விழுந்து கிடப்பவரை ‘போயிருப்பார்’ என்று விட்டுவிடுவதும் இந்த ஒரு தாள் இல்லாததால் நடப்பவை. எண்ணைத் திருப்பிக் கொடுத்தால்தான் முடித்ததாகக் கணக்கு என்று வைத்தால் தானாக வந்து கையெழுத்திடுவார்கள். முடிவை அன்றே ‘தற்காலிகம்’ என்று போட்டு வெளியிடு, ஆட்சேபம் சொல்ல 24 மணி நேரம் கொடு. கேட்டு வருகிறவரின் ஜிபிஎஸ் பதிவை வாங்கிப் பார். இரண்டு மூன்று விநாடி வித்தியாசம் என்றால் உன் தாள்தான் சரி, சரியாக ஒரு நிமிடம் வித்தியாசம் என்றால் உன் தாளை மறுபடி எடுத்துப் பார்.

அடுத்த கடிதத்தில் பாதையின் வரைபடத்தை அனுப்பு. திருப்பம் எங்கே, வடக்கு எந்தப் பக்கம், கோடு போட நினைத்திருக்கும் இடத்தில் கம்பம் இருக்கிறதா என்பதைக் குறித்து அனுப்பு. நேரம் எழுதப் போகிறவரின் பெயரையும் எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்