மெக்கன்சி நதிக்கரைக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள பூரணி,

வடமேற்குக் கனடாவின் ஃபோர்ட் சிம்ப்சனில் நர்ஸ் வேலை உறுதியானதும் உன் அப்பா கேட்ட முதல் கேள்வி, "அங்கே மனுஷங்க இருக்காங்களா?" பூகோள டீச்சரிடம் இப்படிக் கேட்டால் சும்மா இருப்பேனா?

நீ போகிற ஊர் ஒரு தீவு. மெக்கன்சியோடு லியார்ட் ஆறு சேருகிற இடம். மெக்கன்சி கிரேட் ஸ்லேவ் ஏரியில் புறப்பட்டு, 1,738 கிலோமீட்டர் ஓடி, ஆர்க்டிக் கடலில் கலக்கிறது. வண்டலை ஏரியிலேயே விட்டுவிட்டு வருவதால் அது தெளிவாக இருக்கும். மலையிலிருந்து வரும் லியார்ட் ஒரே கலங்கல். சேர்ந்த பிறகும் இரண்டும் வெகுதூரம் தனித்தனி நிறமாகவே ஓடும். கரையில் நின்று பார்.

மே மாதம் மட்டும் ஆற்றை நம்பாதே. லியார்டின் பனிக்கட்டி முதலில் உடைந்து அடித்துக்கொண்டு வரும். மெக்கன்சியில் கட்டி இன்னும் அசையாமல் கிடந்தால், தண்ணீர் போக வழியில்லாமல் ஊருக்குள் ஏறிவிடும். 2021 மே மாதம் அப்படித்தான் ஜனங்களை வெளியேற்றினார்கள். கிளம்பச் சொன்னால் சாமான் கட்டிக்கொண்டு நிற்காதே.

சரி, அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அங்கே பெரும்பாலோர் டெனே என்னும் பழங்குடி மக்கள், பழங்குடியும் ஐரோப்பியரும் கலந்த வழிவந்த மெட்டி மக்களும் உண்டு. ஆற்றோடு கீழே போனால் க்விச்சின், கழிமுகத்தில் இனுவியாலுயிட் என்று வேறு பழங்குடிகள். 1789-ல் பசிபிக்கைத் தேடிப் புறப்பட்டு ஆர்க்டிக்கில் போய் நின்றவர் அலெக்சாண்டர் மெக்கன்சி. வழிகாட்டியது அந்தப் பக்கத்து ஆட்கள், ஆற்றுக்குப் பெயர் அவருடையது!

எனக்குப் பிடித்தவர் நீதிபதி தாமஸ் பெர்ஜர். அந்தப் பள்ளத்தாக்கு வழியே எரிவாயுக் குழாய் போடலாமா என்று விசாரிக்க 1974-ல் அவரை நியமித்தார்கள். அவர் 35 ஊர்களுக்குப் போய் உட்கார்ந்து, வேட்டைக்காரர்கள், கிழவிகள் என்று எல்லோர் பேச்சையும் கேட்டார். மீன்பிடிக்கும் இடம், பொறி வைக்கும் தடம் எல்லாம் அவர்கள் சொல்லித்தான் பதிவானது. நில உரிமையை முதலில் தீர்த்துவையுங்கள், பத்து வருஷத்துக்குக் குழாய் வேண்டாம் என்று 1977-ல் எழுதிக் கொடுத்தார். விசாரணைக் கமிஷன் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

உன்னிடம் வரும் வயசாளிகளில் பலர் சின்ன வயதில் வீட்டிலிருந்து பிரிக்கப்பட்டு, பழங்குடிப் பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த விடுதிப் பள்ளியில் போடப்பட்டவர்களாக இருக்கலாம். தாய்மொழி பேசினால் அங்கே தண்டனை. அந்த ஊரிலேயே அப்படி விடுதிகள் இருந்தன. கனடா அரசு 2008-ல்தான் மன்னிப்புக் கேட்டது. ஆஸ்பத்திரிக்கு வந்தும் ஒருவர் வாய் திறக்காவிட்டால் அவசரப்படுத்தாதே, கண்ணு.

அப்புறம், விமானம் தாமதமானால் உடனே அழுதுகொண்டு போன் செய்யாதே. 1984-ல் போப்பாண்டவரின் விமானமே மூடுபனியால் அங்கே இறங்க முடியாமல் போனது. 1987-ல்தான் அவர் திரும்ப வந்தார்.

லியார்டைத் தாண்டக் கோடையில் ஃபெர்ரி, குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேலேயே ரோடு. உறையும்போதும் உடையும்போதும் இரண்டும் கிடையாது. அரிசி பருப்பை முன்னாடியே வாங்கி வை. மிளகாய்ப்பொடி எவ்வளவு வேண்டும் என்று இந்த வாரமே சொல். அப்பா மிளகாயைக் காயவைத்துவிட்டு மில்லுக்குப் போகக் காத்திருக்கிறார்.

அன்புடன்,
அம்மா