சாவனதுர்கா ஏற வருமுன்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. டிசம்பரில் பாறை ஏற சாவனதுர்கா மலைக்கு வருகிறாய் என்றதும் ரொம்ப சந்தோஷம். ஒன்றே ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்: செயற்கைச் சுவரில் வளர்த்த கை பலத்தை நம்பி வராதே. இங்கே பிடித்துத் தொங்குவதற்கு அதிகம் கிடையாது. எல்லாம் கால் வேலை.

கர்நாடகத்தில் மாகடி ஊருக்குப் பக்கத்தில், கடல் மட்டத்திலிருந்து 1226 மீட்டர் உயரத்தில் நிற்கும் இந்தக் கிரானைட்டுக்கு வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. பூமிக்கடியில் மெதுவாக ஆறியதால் படிகங்கள் பெரியவை, மேற்பரப்பு சொரசொரப்பு. ஷூவின் ரப்பர் அதில் நன்றாக அழுந்தினால்தான் கால் நிற்கும். குதிகாலைத் தாழ்த்து, இடுப்பைப் பாறையிலிருந்து தள்ளி வை, எடை முழுவதும் பாதத்தில் இறங்கட்டும். பயத்தில் பாறையை அணைத்துக்கொள்பவர்களுக்குத்தான் கால் வழுக்குகிறது, ஏனென்றால் பாதத்தின் மேல் அழுத்தம் குறைந்துவிடுகிறது. எட்டி வைக்காமல் சின்னச் சின்ன அடியாகப் போ.

வெயில் ஏறினால் ரப்பர் இளகும், விரல் வியர்க்கும். விடியும்போதே கயிறு கட்டிவிட வேண்டும். கறுப்புக் கோடுகள் மழைநீர் வழிந்த தடங்கள். ஈரமாக இருந்தால் அந்தப் பக்கமே போகாதே. தட்டினால் பொத்தென்று ஒலிக்கும் பாறைத் தகடுகளை வெளிப்பக்கமாக இழுக்காதே, பெயர்ந்து வரும்.

பல ரூட்களில், அதாவது ஏறும் வழிகளில், கயிற்றை மாட்டப் பாறையில் பதித்த போல்ட்டுகளுக்கு நடுவே இடைவெளி அதிகம். விழுந்தால் நீளமாகச் சறுக்குவாய், தோல் உரியும். ஆகவே அடுத்த போல்ட் எங்கே என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பழைய போல்ட்டில் துரு இருக்கிறதா, அதில் மாட்டிய ஹேங்கர் என்ற உலோகத் தகடு சுற்றுகிறதா என்று கையால் அசைத்துப் பார். ஸ்டேஷனில், அதாவது நின்று கயிற்றைக் கட்டும் இடத்தில், இரண்டு போல்ட்டையும் ஸ்லிங் என்ற நாடா வளையத்தால் சேர்க்கும்போது அதன் இரு பக்கங்களுக்கு நடுவே உள்ள கோணம் 60 டிகிரிக்குள் இருக்கட்டும். 120 ஆனால் ஒவ்வொரு போல்ட்டும் முழு எடையையும் தாங்க வேண்டிவரும்.

இறங்குவதைப் பற்றித்தான் எனக்குக் கவலை. 60 மீட்டர் கயிறு ஒன்றை மடித்துப் போட்டால் 30 மீட்டர்தான் இறங்கலாம். அதைவிட நீளமான பிட்ச் (இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே உள்ள பகுதி) என்றால் இரண்டு கயிறு வேண்டும். இரு நுனியிலும் முடிச்சுப் போடாமல் ரேப்பல், அதாவது கயிற்றில் இறங்குவதை, தொடங்கவே கூடாது. இறங்கியபின் கயிற்றை இழுப்பதற்கு முன் அந்த முடிச்சுகளை அவிழ்க்கவும் மறக்காதே.

மலைத்தேனீக் கூடு தெரிந்தால் வேறு ரூட்டுக்கு மாறிவிடு. அங்கே சத்தமும் வேண்டாம், சென்ட்டும் வேண்டாம். வனத்துறை அனுமதியை முன்கூட்டியே கேட்டு வை. தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர்.

உன் கயிறு எத்தனை மீட்டர், எத்தனை வருஷப் பழசு என்று எழுது. அதைப் பார்த்து எந்த ரூட் என்று முடிவு செய்யலாம்.

அன்புடன்,
சேகர்